கலைச்சொல் உதவி: சேர்ந்திசையா, பல்குரலிசையா? வியாழன் இரவுக்குள் வேண்டும்

திங்கள் காலை, ஜெ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். இங்கே சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (கோவில் வட்டாரத்தின்) பாடகர் குழு வரும் சனிக்கிழமை மாலை கேட்பரங்கம் ஒன்று நடத்துகிறது. கத்தோலிக்க மரபில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட கோரல் இசையின், அதாவது பாடகர் குழு சேர்ந்து பாடும் இசையின், ஒலிப்பதிவுகளைப் போட்டு, எல்லாரும் உட்கார்ந்து கேட்டு, அப்புறம் பேசுவார்கள். போலந்தின் கோரெட்ஸ்கி 1987இல் எழுதிய 'டோட்டுஸ் டூஸ்', எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட் 1990இல் எழுதிய பெர்லின் திருப்பலி இசை, ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மெக்மில்லன் எழுதி 2016இல் அரங்கேறிய 'ஸ்தாபாத் மாத்தர்' எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. துண்டுப்பிரசுரம் நான்கு மொழிகளிலும் வரும். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு.

சிக்கல் தலைப்பில்தான். சீனத்தில் 'ஹ சாங்' என்று இரண்டே எழுத்து: சேர், பாடு. மலாயில் 'பாடுவான் சுவாரா', அதாவது குரல்களின் இணைப்பு. நமக்கு? என்னிடம் வந்த வரைவில் இயந்திரம் பெயர்த்த தமிழ் ஏற்கனவே இருந்தது. அதில் திருப்பலி (ஆங்கிலத்தில் 'மாஸ்') 'நிறை' ஆகியிருந்தது. இயற்பியல் பாடத்தில் எடையோடு சேர்ந்து வருமே, அந்த நிறை. கோரல் இசை 'பஜனை இசை' ஆகியிருந்தது. இப்படியே அச்சுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

சேர்ந்திசை, குழுவிசை, கூட்டிசை, பல்குரலிசை. இந்த நான்கும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. எது சரி? வியாழன் இரவு கோப்பு அச்சகத்துக்குப் போகிறது.

திங்கள் பிற்பகல், சு. எழுதியது:

அம்மா ஜெ., நல்ல கேள்வி.

புதிதாகச் செய்வதற்கு முன் நம்மிடம் ஏற்கனவே இருப்பதைப் பார்க்க வேண்டாமா? கோரஸ் என்பதன் மூலம் கிரேக்கச் சொல். அங்கே அதற்கு முதற்பொருள் வட்டமாக நின்று ஆடிப் பாடுவது. நம் குரவை அதேதான். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு நரம்பின் பெயரைச் சூட்டுகிறாள் மாதரி. ஆளுக்கொரு சுரம்! உலகத்தில் வேறு எந்த இலக்கியத்தில் பாடகர் குழுவை இப்படி நிறுத்தியிருக்கிறார்கள்? 'குரவையிசை' என்று வையுங்கள். கோரஸ், குரவை என்ற ஒலி ஒற்றுமையும் எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

திங்கள் இரவு, மு. எழுதியது:

ஐயா, உங்களிடம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்லுறவு கட்டக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்ததே நீங்கள்தான். பொருள் ஒற்றுமை உண்மைதான், அது மிக அழகு. ஆனால் என் வகுப்பில் குரவை என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கல்யாண வீட்டில் பாட்டி நாக்கை அசைத்துப் போடும் குலவை மட்டும்தான். லத்தீனில் திருப்பலி இசை கேட்க வருகிறவர் குலவையை எதிர்பார்த்து வந்தால் என்ன செய்வது?

பல்குரலிசைக்கு இன்னொரு தொல்லை. பலகுரல் கலைஞர் என்றால் நமக்கு மிமிக்ரி செய்கிறவர். அந்தப் பொருள் நன்றாக ஊன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. சிலர் 'பன்குரல்' என்று எழுதுகிறார்கள், அது புணர்ச்சிப் பிழை. மெல்லினம் வந்தால்தான் பன்மலர், பன்முகம். ககரத்தின் முன் பலகுரல், பல்குரல் இரண்டுக்கும்தான் நன்னூல் இடம் தருகிறது.

செவ்வாய் காலை, ரீ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் பதினோரு வருடமாகப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் சொல்லும் சொற்களில் பாதி, எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவதைத்தான் குறிக்கின்றன. கூட்டிசை, குழுவிசை என்றால் எனக்கு அப்படித்தான் படுகிறது. திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டான கிரகோரியன் பாட்டு அப்படித்தான்: ஐம்பது பேர் பாடினாலும் ஒரே இழை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு அந்தப் பாட்டுக்கு முதலிடம் தந்தது. அதே இடத்தில் பல இழை இசையையும் விலக்கவில்லை என்று தனியாகச் சொன்னது. ஆக இரண்டும் வேறு வேறு என்பது திருச்சபைக்கே தெரிந்த விஷயம்.

பாடும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சொப்ரானோ (பெண்களின் மேற்குரல்) ஒரு சுரத்தில் நிற்பார்கள். நாங்கள் அதற்கு அரைச் சுரம் கீழே போய் நிற்க வேண்டும். காதுக்குள் கொசு பறக்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் சுரத்துக்கே ஓடிப்போய்விடலாமா என்று தொண்டை துடிக்கும். ஓடக் கூடாது. இரண்டு மூன்று அடி அப்படியே உரசிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு நாங்கள் ஒரு படி இறங்கும்போது கோவில் முழுவதும் ஏதோ கதவு திறந்த மாதிரி ஆகும். மெக்மில்லனின் இசையில் இது ஏராளம். வியாகுல அன்னை சிலுவையடியில் நிற்பதைப் பாடும் ஸ்தாபாத் மாத்தருக்கு அந்த உரசல் இல்லாமல் எப்படி?

இதற்குச் சொல் கொடுங்கள். முடியாவிட்டால் கொயர் என்றே போடுங்கள், நாங்கள் பேசுவது அப்படித்தான்.

செவ்வாய் மாலை, சு. எழுதியது:

ரீ. அம்மையார் எழுதியதை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொன்ன உரசலுக்கு இளங்கோவடிகளிடம் பெயர் இருக்கிறது. வேனிற்காதையில் மாதவி யாழ் தொடும்போது "இணைகிளை பகைநட்பு என்றிந் நான்கின் இசைபுணர் குறிநிலை எய்த நோக்கி" என்கிறார். நீங்கள் சொப்ரானோவுக்கு அரைச் சுரம் கீழே நிற்பது பகை. பிறகு இறங்கிச் சேர்வது நட்பு. 'இசைபுணர்' என்று அவரே சொல்லிவிட்டதால் 'புணரிசை' என்று கேட்கத் தோன்றுகிறது. இலக்கணத்தில் புணர்ச்சி என்று நாள்தோறும் சொல்கிறோமே, இரண்டு சொல் தம் உருவம் கொஞ்சம் மாறி ஒன்றாவது. இரண்டு குரலுக்கும் அதுதானே நடக்கிறது?

செவ்வாய் இரவு, மு. எழுதியது:

ஐயா, புணர்ச்சி விதி நடத்தும் வாரத்தில் உயர்நிலை மூன்று வகுப்பைக் கட்டுப்படுத்த நான் படும் பாடு உங்களுக்கே தெரியும். கோவிலில் விநியோகிக்கும் துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

நான் சேர்ந்திசைக்கே போகிறேன். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னை வானொலியில் பாரதி பாடல்களைப் பல குரலாக்கிப் பாட வைத்த காலத்திலிருந்து வழங்கும் சொல். ஒரு முறை கேட்டாலே புரியும்.

புதன் காலை, சு. எழுதியது:

புரிவது மட்டும் போதுமா தம்பி? 'சேர்ந்து' வினையெச்சம். வினையெச்சம் வினையைத்தானே கொண்டு முடிய வேண்டும்? 'சேர்ந்திசை' என்றால் 'சேர்ந்து பாடு' என்ற ஏவலாக நிற்கிறது, பெயராக நிற்கவில்லை. வினைத்தொகையாகச் 'சேரிசை' என்று இருந்தால் இலக்கணம் பொருந்தும். ஆனால் அது சேரி என்று காதில் விழும், அது வேண்டாம்.

ஆகவே 'இயைகுரல்'. இயைந்த குரல், இயைகின்ற குரல், இயையும் குரல், மூன்று காலமும் உள்ளே அடக்கம். இசை என்ற சொல்லே இல்லாமல் இசையைச் சொல்கிறது. யாப்பில் இயைபுத் தொடையும் நமக்குப் பழக்கம்தான். இயைகுரற்குழு, இயைகுரற்பாட்டு, இயைகுரற்பதிவு என்று கிளை விடும். நம் சிங்கப்பூரில் உணவங்காடி என்று ஒரு சொல் வந்தபோது யாராவது புரியவில்லை என்று பசியோடு திரும்பினார்களா? நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இணையம், இணையம் என்று எழுதிய காலத்தில் அதுவும் புதுச் சொல்தானே? இப்போது தமிழ் பேசும் உலகம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது. இங்கிருந்து போன சொல் அது. நாம் கூச்சப்படத் தேவையில்லை.

புதன் பிற்பகல், மு. எழுதியது:

இயைகுரல் அழகான சொல், ஐயா. மனதாரச் சொல்கிறேன். ஆனால் இலக்கணக் குற்றச்சாட்டை ஏற்க முடியவில்லை. செய்யுளிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையின் உரையில் துள்ளலோசைக்கும் தூங்கலோசைக்கும் என்ன வகை சொல்லியிருக்கிறது? ஏந்திசைத் துள்ளல், அகவல் துள்ளல், பிரிந்திசைத் துள்ளல். ஏந்திசைத் தூங்கல், அகவல் தூங்கல், பிரிந்திசைத் தூங்கல். 'பிரிந்திசை' பெயராக நின்று அடுத்த சொல்லோடு வலி மிகுந்து புணர்கிறது. பிரிந்திசை நிற்கலாம் என்றால் சேர்ந்திசையும் நிற்கும்.

ரீ. அக்கா சொன்னதை வைத்து இன்னொரு காரணம். இயைகுரல் என்றால் குரல்கள் ஏற்கனவே உடன்பட்டுவிட்டன. அக்கா சொல்லும் அந்த அரைச் சுர உரசல் அங்கே எங்கே போகும்? சேர்வது வேறு, ஒப்பது வேறு. பகையோடும் சேர்ந்து நிற்கலாம். சேர்ந்திசை அந்த இடத்தைத் திறந்து வைத்திருக்கிறது.

புதன் இரவு, ஜெ. எழுதியது:

தம்பி சொன்ன காரணம் என்னைத் தொட்டுவிட்டது. சேர்ந்திசை என்று எழுதிவிட்டேன். ஆனால் பாதித் தலைப்புத்தான் முடிந்திருக்கிறது. 'புனித இசை' என்பதா, 'திருவழிபாட்டு இசை' என்பதா? பக்திப் பாடல்கள் என்று போட ஏற்பாட்டாளர் ஒருவர் விரும்புகிறார், எல்லாருக்கும் தெரிந்த சொல் என்று.

புதன் நள்ளிரவு, ரீ. எழுதியது:

பக்திப் பாடல் வேண்டாம் ஜெ. அந்தச் சொல்லைக் கேட்டால் கார் ஸ்டீரியோவில் ஓடும் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டுகளும் எனக்குப் பிடிக்கும், ஆனால் இது வேறு வகை. திருவழிபாட்டு இசை என்றாலும் பொருந்தாது. மெக்மில்லனின் ஸ்தாபாத் மாத்தர் லண்டன் பார்பிகன் அரங்கில் முதலில் பாடப்பட்டது, 2018இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் பாடினார்கள். ஒரு மணி நேரத்தை நெருங்கும் படைப்பு. எந்தத் திருப்பலிக்குள் வைப்பது? 'கத்தோலிக்க இசை' என்றும் சுருக்காதீர்கள். பார்ட் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர், ஆனால் பெர்லினில் நடந்த கத்தோலிக்கர் மாநாட்டுக்காகத்தான் அந்தத் திருப்பலி இசையை எழுதினார். 'கத்தோலிக்க மரபில்' என்பதே சரி.

திருப்பலி, திருநற்கருணை, திருவருகைக்காலம் என்று எங்களுக்கு எல்லாமே திருதான். அம்மா இன்னும் பூசை என்றுதான் சொல்கிறார், எனக்குத் திருப்பலி. 'திருவிசை' வைக்கலாமா? ஐயா தவறாக நினைக்க மாட்டாரே?

வியாழன் காலை, சு. எழுதியது:

ஏன் தவறாக நினைக்கப் போகிறேன்? ஒன்பதாம் திருமுறை திருவிசைப்பா எங்கள் வீட்டில் என் தந்தையார் பாடியது. அந்தச் சொல் உங்கள் கோவிலிலும் ஒலித்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்? வீரமாமுனிவர் தேம்பாவணிக்கு விருத்தத்தை எடுத்துக்கொண்டபோது விருத்தம் குறைந்தா போனது? தாராளமாக வையுங்கள் அம்மா. புனித என்பதைவிட நல்ல தமிழ், அதிலும் எனக்கு மகிழ்ச்சி.

வியாழன் பிற்பகல், மு. எழுதியது:

'பதிவுகள்' மட்டும் போடாதீர்கள். கீழே இருக்கைக்குப் 'பதிவு செய்ய' என்று இருக்கும், குழப்பம் வரும். ஒலிப்பதிவு என்றே முழுதாக இருக்கட்டும். குறுந்தட்டா, குறுந்தகடா, இறுவட்டா என்ற சண்டையும் இதனால் தப்பும்.

வியாழன் பிற்பகல், ரீ. எழுதியது:

ஒலிப்பதிவு என்றதும் ஞாபகம் வந்தது. போன வருடம் எங்கள் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. மைக் இழுத்துவிடும் என்று மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுரம் கல் தூண்களில் அடங்கும் வரை அசையாமல் நின்றோம். அது அடங்கிய அடுத்த நொடி வெளியே மரத்திலிருந்து ஒரு குயில் உச்சத்தில் கூவியது. வெட்டிவிடலாமா என்று கேட்டார் பதிவாளர். யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் அந்தப் பதிவில் குயில் இருக்கிறது.

வியாழன் இரவு 10.40, ஜெ. எழுதியது:

அனுப்பிவிட்டேன். தலைப்பு:

கத்தோலிக்க மரபில் தற்காலத் திருவிசை: சேர்ந்திசை ஒலிப்பதிவுகள்

மற்ற மூன்று மொழிகளும் ஒரு வரியில் முடிந்துவிட்டன, நம்முடையது இரண்டு வரி. எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பங்கெடுத்த எல்லாருக்கும் நன்றி. ரீ. அக்கா, கீழே 'பாடகர் குழு' என்றுதான் இருக்கிறது, கொயரைச் சேர்க்க இடமில்லை, மன்னியுங்கள்.

வெள்ளி காலை, சு. எழுதியது:

நேரம் இல்லாததால் முடிந்த விவாதம் இது, தீர்ந்துபோன விவாதம் இல்லை. பிரிந்திசை பற்றித் தம்பி சொன்னது சரி, இலக்கணத்தில் தோற்றேன். ஆனால் பிரிந்திசையில் இசை என்பது ஓசை. சேர்ந்திசையில் அது பாட்டு. இரண்டும் ஒன்றா என்று தம்பி யோசிக்கட்டும். குழுவின் சொற்பட்டியலில் சேர்ந்திசைக்குப் பக்கத்தில் இயைகுரலையும் ஏற்றி, 'ஒருவர் மட்டும் ஆதரவு' என்று குறித்துவிடுங்கள்.

நாளை மாலை வருகிறேன். எனக்கு இடது காது மந்தம், வலப்பக்கம் ஒலிபெருக்கி இருக்கும்படி ஓர் இடம் பிடித்து வைக்கவும். ரீ. அம்மையார் சொன்ன அந்த அரைச் சுரம் எந்த இடத்தில் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.