ஸ்டீரியோ படம்: லேப் பிரிண்ட்ல ஒரு கண்ணுக்கு மஞ்சள், ஒரு கண்ணுக்கு நீலம்

மதகடி:
மாமா வச்சிருந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமரா கைக்கு வந்துச்சு. ரெண்டு லென்ஸ் இருக்கும், ஒரே காட்சிய இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணுன்னு ஜோடியா எடுக்கும். கல்லணைல ஒரு கலர் ரோல் எடுத்து, திருச்சில ஒரு லேப்ல கழுவி 4x6 பிரிண்ட் போட்டேன். ஒரே காட்சிதான், ஆனா இடது படம் மஞ்சளா இருக்கு, வலது படம் நீலமா இருக்கு. ரெண்டையும் சேர்த்து 3டியா காட்டுற வியூவர்ல பார்த்தா மதகெல்லாம் மினுமினுக்குது, கண்ணு வலிக்குது. போதாக்குறைக்கு நெகட்டிவ வெட்டும்போது சில படத்துக்கு நடுவுலயே கத்தரி போட்டுட்டாங்க. கேட்டா "உங்க கேமரால ஃபிரேம் சைஸே சரியில்ல தம்பி"ங்கிறார். லேப்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்?

ரெண்டுகண்ணன்:
அவர் சொல்றதும் நியாயம்தான். மெஷினுக்குத் தெரிஞ்சது 36 மி.மீ. அகல ஃபிரேம், ரியலிஸ்ட்ல அது 23 மி.மீ. அதுலயும் ஒரு ஜோடியோட இடதும் வலதும் பக்கத்துல பக்கத்துல விழாது. நடுவுல முந்தின ஷாட்டோட ஒண்ணு, அடுத்த ஷாட்டோட ஒண்ணு உட்கார்ந்திருக்கும். மெஷின் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா கலர் திருத்தும். அங்கதான் ஜோடி கெடுது.

அதனால லேப்ல வேலையக் குறைச்சுக் கொடுங்க. "கழுவினா போதும், வெட்டாம சுருளா குடுங்க"னு கவர் மேலயே எழுதிடுங்க. வாயால சொன்னா ராத்திரி ஷிஃப்ட் பையனுக்குப் போய்ச் சேராது. வீட்ல ரெண்டு படத்தையும் ஒரே செட்டிங்ல, ஆட்டோ கலர ஆஃப் பண்ணி ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, உயர வித்தியாசத்த அதுவே நேராக்கிடும். ஜோடிய ஒரே 4x6 ஃபைலா சேர்த்து பிரிண்டுக்குக் கொடுங்க. அப்புறம் மெஷின் கலரை மாத்தினாலும் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் மாத்தும்.

பழையரோல்:
நான் இந்த வம்பே வேணாம்னு லோரியோங்கிற ஸ்டீரியோ கேமரா வாங்கிட்டேன். ரெண்டு படமும் ஒரே ஃபிரேம்ல விழுந்துடும், எந்த லேப்லயும் போடலாம். படம் கொஞ்சம் ஒல்லியா இருக்கும், அவ்ளோதான்.

மதகடி:
நன்றிண்ணா. பேப்பர் மேட்டா, கிளாஸியா? இடது வலது மாறிடாம எப்படிப் பார்க்கிறது?

ரெண்டுகண்ணன்:
கிளாஸி மட்டும்தான். மேட், சில்க் பேப்பர்ல இருக்கிற சொரசொரப்பு வியூவர்ல படத்துக்கு முன்னால கொசுவலை கட்டின மாதிரி தெரியும். ஓரத்துல வெள்ளை பார்டர் கேளுங்க, இல்லன்னா மெஷின் சுத்தி கொஞ்சம் வெட்டிடும். ஹோம்ஸ் வியூவர்னா (ஜோடிப் படம் ஒட்டின அட்டைய மாட்டிப் பார்க்கிற பழைய மாடல்) ஒவ்வொரு படமும் 3 அங்குலம் வரைக்கும் இருக்கலாம். வெறுங்கண்ணால பார்க்கணும்னா ஒவ்வொரு படத்தோட அகலமும் 60 மி.மீ. தாண்டாதீங்க.

இடது படத்துல, கிட்ட இருக்கிற பொருள் பின்னணியோட ஒப்பிட்டா கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கணும். கைப்பிடிச் சுவரையும் தூரத்து மரத்தையும் வச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

வெட்டுப்பட்டதுல ஏதாவது ஷாட்டை ஸ்டாண்ட் போட்டு ரெண்டு தடவை எடுத்திருந்தீங்கன்னா, ஒண்ணோட இடதையும் இன்னொண்ணோட வலதையும் சேர்த்துப் பாருங்க. தண்ணி பொருந்தாது, மதகு பொருந்திடும்.