முழுப் பல்செட்டுக்கு எந்த ரெசின், எந்த இன்ஜெக்‌ஷன் முறை?

வணக்கம். ஜார்ஜ்டவுனில் சின்னதாக ஒரு பல் லேப் நடத்துகிறேன். முழுப் பல்செட் எல்லாமே ஹீட் க்யூர் அக்ரிலிக்தான் (சூடாக்கி இறுக வைக்கும் ரெசின்); மாவுப் பதத்தில் ஃபிளாஸ்க்கில் (அச்சு இருக்கும் உலோகப் பெட்டி) வைத்து அழுத்துகிறோம்.

கவலை மேல்செட்டில். இறுகும்போது சுருங்குவதால் அண்ணத்தின் பின்விளிம்பு மாடலை விட்டு லேசாக எழும்பி நிற்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடு மாதிரி இடைவெளி தெரியும். உறிஞ்சிப் பிடிக்க வேண்டிய இடமே அதுதானே! ஃபிளாஸ்க் முழுதாக மூடாவிட்டால் கடியும் உயர்ந்துவிடுகிறது.

அதனால் இன்ஜெக்‌ஷனுக்கு மாற நினைக்கிறேன். மூடிய ஃபிளாஸ்க்குக்குள் ரெசினைச் செலுத்தும் இவோகேப் முறையில் 6 பார் அழுத்தம், கொதிநீரில் 35 நிமிடம். ரெசின் சுருங்கச் சுருங்கப் புதுசு உள்ளே போய் நிரப்பும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. நைலான் பல்செட்டில் மனசு ஒப்பவில்லை. வளைகிறது, பாலிஷ் செய்வது கஷ்டம், ரீலைனும் (ஈறில் படிய உள்பக்கம் புது ரெசின் சேர்ப்பது) சரியாக ஒட்டாது. எலும்பு தேயத் தேய வயதானவர்களுக்கு ரீலைன் அவசியம் ஆயிற்றே. மோனோமர் (அக்ரிலிக்கில் கலக்கும் திரவம்) அலர்ஜி உள்ளவர்களுக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டும்.

பினாங்கு, கோலாலம்பூரில் இன்ஜெக்‌ஷன் செய்பவர்கள் சொல்லுங்கள்: பின்விளிம்பு உண்மையிலேயே படிகிறதா? ஸ்ப்ரூ (ரெசின் உள்ளே போகும் வழி) எங்கே வைக்கிறீர்கள்? மெஷின் கெட்டால் சர்வீஸ் இங்கேயே கிடைக்குமா? படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவி.