புதுப்பிப்பு: ‘ஜமா’ பற்றிச் சொன்னதில் பாதி வாபஸ்

போன வாரம் இதே இழையில், தெருக்கூத்துக் குழுவைப் பற்றிய பாரி இளவழகனின் ‘ஜமா’ (2024) படம் நடுவில் தொய்கிறது, காதல் பகுதி இழுவை, கூத்து ஓசை காதைக் கிழிக்கிறது என்று போட்டிருந்தேன். ஓசை விஷயத்தில் தப்பு டிவி மேல். ‘தெளிவான குரல்’ செட்டிங் பேச்சைத் தூக்கும்போது முகவீணையின் (நாதஸ்வரம் மாதிரி ஊதும் சின்னக் குழல்) கீச்சையும் சேர்த்துத் தூக்கிவிடும், மிருதங்கத்தின் அடிநாதம் அமுங்கிப்போகும். ‘ஸ்டாண்டர்ட்’ போதும். ‘மோஷன்’ செட்டிங்கையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் டிவி தானாக இடைப்படம் செருகும். வேஷக்காரர் கிர்ரென்று சுற்றினால் பாவாடை விளிம்பு கலங்கிப்போய், சீரியல் மாதிரி ஆகிவிடும்.

திரௌபதி வேஷம் கட்டும் நாயகன் கல்யாணத்தின் கை, அரிதாரம் கலைத்த பிறகும் அதே நளினத்தில் நிற்கிறது. முதல் தடவை அதை மிகை என்று நினைத்தது தவறு. ஆரணி, போளூர் பக்கம் விடிய விடிய கூத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தாண்டவம் என்ற பாத்திரத்தில் வரும் சேத்தன்? இப்பவும் மிரட்டல்தான்.

காதல் பகுதி பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றுவதாக இல்லை. இழுவை, இழுவையேதான்.