அம்மாவின் அரக்குப் பட்டும் ஒரு பை கோப்பியும்: உங்கள் துணியைக் கூட வேலை செய்பவர் கெடுத்தபோது என்ன செய்தீர்கள்?

தேக்காவாசி:

தீபாவளிக்கு முந்தின நாள் நடந்தது. எங்கள் அலுவலகம் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில். எங்கள் தளத்தில் நாலே தமிழர்கள்தான் என்றாலும் வருஷா வருஷம் முறுக்கு, அதிரசம் வைத்துச் சின்னதாகக் கொண்டாடுவோம். இந்த முறை அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். அம்மா அதைக் கட்டியே பத்து வருஷம் இருக்கும். பழைய வேட்டியில் சுற்றி, நடுவில் நாலு கிராம்பு போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். பொங்கோலிலிருந்து ரயிலில் வரும்போது யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று வழியெல்லாம் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

ரயிலில் ஒன்றும் ஆகவில்லை. பேன்ட்ரி வாசலில்தான் ஆனது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த சீனப் பையன் கீழே கோப்பிக் கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்கிய கோப்பியின் கயிற்றை ஒரு விரலில் மாட்டியிருந்தான். இன்னொரு கையில் மடிக்கணினி, கக்கத்தில் குடை. நான் கதவைத் தள்ளவும் அந்தப் பக்கம் அவன் இழுக்கவும் சரியாக இருந்தது. பை என் இடுப்பில் மோதி, உறிஞ்சுகுழல் எகிறி, உள்ளே இருந்தது அத்தனையும் கொசுவத்தின் மேல் மடிப்பில் தொடங்கி ஜரிகைக் கரை வரைக்கும் இறங்கியது. சூடு கூட எனக்கு உறைக்கவில்லை. கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்காக இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. இது கட்டிப்பால் தாராளமாக ஊற்றிய கோப்பி. இங்கே கோப்பிக்கொட்டையையே சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுப்பார்கள். சாயம், சீனி, கொழுப்பு, பால் எல்லாம் ஒரே கறையில்.

வாயில் வந்தது சுத்தத் தமிழ். தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அவன் டிஷ்யூவை உருவிக்கொண்டு துடைக்கக் குனிந்தான். குனிந்தவனுக்கு, ஒரு பெண்ணின் புடவையில் கை வைக்கலாமா கூடாதா என்று பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. குனியவும் இல்லாமல் நிமிரவும் இல்லாமல் அப்படியே நின்றான். காலிப் பை இன்னும் விரலிலேயே தொங்கி அவன் ஷூ மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. கோபம் தணிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மறுநாள் எண்ணெய்க் குளியல் வரை கூடவே இருந்தது.

புடவையைக் காப்பாற்றியது எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் ஆன்ட்டி. சீனர், எழுபது வயதிருக்கும். எனக்குச் சீனம் வராது, அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது, இருவருக்கும் பொது மலாய்தான். நான் போன வேகத்தில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். "ஜாங்கான் ஆயர் பானாஸ்!" என்று ஓடிவந்து மூடினார். சுடுதண்ணீர் பட்டால் பால் வெந்துபோய்த் துணியிலேயே பிடித்துக்கொள்ளுமாம். தேய்க்கவும் விடவில்லை. கறையின் உள்பக்கத்திலிருந்து பச்சைத்தண்ணீரை மெல்ல விட்டு, வெளிப்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். துண்டில் பழுப்பு இறங்க இறங்க, வேறு மடிப்பைத் திருப்பி வைப்பார். இருபது நிமிஷம் நான் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். வெளியே வந்தபோது அந்தப் பையன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பட்டில் ப்ளீச் போடச் சொல்லி மட்டும் யாரும் யோசனை சொல்லாதீர்கள். குளோரின் ப்ளீச் பட்டையே தின்றுவிடும்.


உட்லண்ட்ஸ் அண்ணாச்சி:

நீங்களாவது ஒரு ஆளைப் பார்த்து மனம் இளகினீர்கள். என்னை அடக்கியது வெறும் கூச்சம்.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் வாரம், அலுவலகத்தில் லோ ஹெய். மதியம் முக்கியமான வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்று புது லினன் சட்டை, பாலாடை நிறம். தெரியாதவர்களுக்காக: பச்சை மீன், துருவிய முள்ளங்கி, கேரட், பொரித்த துண்டுகள், வேர்க்கடலைப் பொடி எல்லாம் ஒரு பெரிய தட்டில் இருக்கும். மேலே எண்ணெயும் பிளம் சாஸும் ஊற்றி, சுற்றி நின்று எல்லாரும் சாப்ஸ்டிக்கால் அள்ளி மேலே வீசுவார்கள். எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம். என் பக்கத்தில் நின்ற சேல்ஸ்காரருக்கு அந்த வருஷம் போனஸ் வரவில்லை போலிருக்கிறது, கூரையைத் தொடுகிற மாதிரி வீசினார். சாஸ் முழுக்க என் தோளில். அதன் மேல் கடலைப் பொடி ஒட்டி, யாரோ திருநீறு பூசிவிட்டது போல இருந்தது.

எல்லாரும் "ஹுவாட் ஆ!" (செல்வம் கொழிக்கட்டும்) என்று கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் முகத்தைச் சுளித்தால் ஆண்டு முழுக்க அபசகுனம் என் தலையில்தான் விழும். சிரித்தேன். கழிவறைக்குப் போய்க் கைகழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துத் திட்டினேன். ஈரத் தோளோடு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், அந்த வாடிக்கையாளர் என் தோளையே பார்த்தார். "லோ ஹெய்?" என்றார். தன் கைப்பட்டையைத் திருப்பிக் காட்டினார். அதே ஆரஞ்சுக் கறை.


துவாஸ் தம்பி:

அக்கா, என் கதை வேற மாதிரி. எங்க தங்குவிடுதியில ஞாயித்துக்கிழமை வாஷிங் மெஷினுக்கு வரிசை நிக்கும். அன்னைக்கு எனக்கு ஓவர்டைம், வர ராத்திரி ஆயிடுச்சு. என் கட்டிலுக்கு மேல் கட்டில்ல படுக்கிற பங்களாதேஷ் அண்ணன், எங்க சைட்லதான் அவரும் வேலை. தம்பி களைச்சு வருவானேன்னு என் வாளியில கிடந்ததையும் எடுத்துத் தன் துணியோட போட்டுட்டார். அதுல பொங்கலுக்குக் கட்ட அப்பா ஊர்லேர்ந்து குடுத்துவிட்ட எட்டு முழ வேட்டி. அவரோடது புத்தம்புது சிவப்பு ஜெர்சி. வந்து பாத்தா வேட்டி ரோஸ் மில்க் கலர்ல கொடியில தொங்குது.

நல்லது பண்ண வந்தவரத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. ஒண்ணும் பேசாம வெளிய போயி நடைபாதையில ரெண்டு சுத்து சுத்தினேன். அப்பா முகம்தான் வந்துச்சு. பஸ் ஏறி டவுனுக்குப் போயி, கோ-ஆப்டெக்ஸ் பை மடங்காம கொண்டாந்து குடுத்தாரு. திரும்பி ரூமுக்கு வந்தா அந்த அண்ணன் வேட்டிய வாளியில முக்கி உக்காந்திருக்கார். ஈரம் காயறதுக்குள்ள மறுபடி ஊறவெச்சா சாயம் விடும்னு யாரோ சொன்னாங்களாம். சோப்புத்தூள் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு நாலு தடவ தண்ணி மாத்தினோம். முழுசா போகல. ஆனா சந்தன கலர்னு சொன்னா நம்புற அளவுக்கு வந்திருச்சு. பொங்கலன்னிக்கு அதையே கட்டிக்கிட்டு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போனேன். அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன், கருப்பு வெள்ளையில.


நைட் ஷிப்ட்:

மருத்துவமனைத் தாதி. வார்டில் இன்னொரு தாதி கை தவறிப் புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடினை என் வெள்ளைச் சீருடையில் கொட்டிவிட்டார். நேரம் பின்னிரவு மூன்று. அந்த நேரத்தில் கோபப்படக் கூடத் தெம்பு இருக்காது, அதுதான் உண்மை. மேசையில் இருந்த கரையும் வைட்டமின் சி மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டுக் கறையில் ஊற்றினேன். பழுப்பு கண்முன்னே மறைந்தது. அயோடினுக்கு இதுதான் மருந்து, மற்ற கறைக்கு முயற்சி செய்து என்னைத் திட்டாதீர்கள்.


லக்சா பிரியை:

என் குர்தாவில் பக்கத்து மேசைக்காரி லக்சாவை, அதாவது மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பை, கொட்டினாள். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது. அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள், ஏதோ அமிலம் என்று நினைத்து. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அலசி, மூங்கில் கழியில் மாட்டி ரெண்டு நாள் நல்ல வெயிலில் போட்டேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.


பேனாக்காரன்:

நான் கத்தினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெள்ளைச் சட்டையில் மைக் கறை. சற்று முன்புதான் ஒப்பந்தத்துக்கு வந்த ஒரு பையன் என் மேல் சாய்ந்து கோப்பு எடுத்தான், அவன் கையில் பேனா. பத்துப் பேர் முன்னால் திட்டினேன். அவன் சாரி கூடச் சொன்னான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், என் பையில் இருந்த என் பேனாதான் ஒழுகியிருக்கிறது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தனியாக. அந்தப் பத்துப் பேரை நான் திரும்பக் கூட்டவில்லை.


எழுத்தாணி:

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் ஒன்று இருக்கிறது, 20,000 வெள்ளி வரை நஷ்டஈடு கேட்கலாம். சும்மா சொன்னேன்! புடவைக்காகக் கூட வேலை செய்பவனை அங்கே இழுத்தால் பிறகு பேன்ட்ரியில் யார் முகத்தில் விழிப்பது?


சலங்கை:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கெடுத்தவள் நான். நிறுவன ஆண்டு விருந்துக்கு எங்கள் பிரிவு நடனம். உடன் பணிபுரியும் மலாய் அக்காவின் கெபாயாவில் (மலாய்ப் பெண்களின் மேல்சட்டை) சுருக்கம் எடுக்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். அது என்ன நூல் என்று பார்க்கவில்லை. முதுகுப்பக்கம் பெட்டியின் மூக்கு அளவுக்கு உருகிச் சுருண்டது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அவர் ஒரு சொல் சொல்லவில்லை. "தப்பா, தப்பா" (பரவாயில்லை என்று மலாயில் சொல்வார்களே, அதைத்தான்) என்றார், வேறு உடையில் ஆடினார். எல்லாரும் அவர் பொறுமையை மெச்சினார்கள். ஆனால் அடுத்த மூன்று மாதம் மின்னஞ்சலில் மட்டும்தான் என்னோடு பேசினார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. புதுக் கெபாயா வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஒரு தடவை நன்றாகத் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். கோபத்தை அடக்கியவர்களை இங்கே எல்லாரும் பாராட்டுகிறீர்கள், அடங்கிய கோபம் எங்கே போய் உட்கார்ந்தது என்றும் பாருங்கள்.


தேக்காவாசி:

சலங்கை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி கொஞ்சம் யோசித்தேன். அந்தப் பையன் சலவைக்கூலியைத் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டிருந்தான். மூன்று முறையும் "பரவாயில்லப்பா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே அவன் வேறு மின்தூக்கியில் ஏறினான். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவன் மேசைக்கே போனேன். "உலர்சலவைக்கு 50 வெள்ளி ஆச்சு, பாதி நீ கொடு" என்றேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு கோபம் வந்தது, அது யார் புடவை என்றும் சொன்னேன். காது சிவக்கக் கேட்டுக்கொண்டான். அவன் பாட்டியிடமும் அப்படி ஒரு சியோங்சாம், சீனப் பெண்களின் உடை, இருக்கிறதாம், யாரையும் தொட விடமாட்டாராம்.

புடவை திரும்பி வந்துவிட்டது. கரை தப்பித்தது. மேல் மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல் மட்டும் இருக்கிறது, இடுப்பில் செருகினால் தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பொங்கலுக்குள் சொல்லிவிடுவேன்.

ஐந்து நிமிஷத்தில் கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் வந்தது. 25 வெள்ளி. குறிப்பு என்ற இடத்தில் "கோப்பி" என்று போட்டிருந்தான்.