ஆளுக்கு 'நாற்காலி'னு பேர் வச்சா சிரிக்கணுமா?

பனையோலை:
'அனதர் பீரியட்'ங்கற அமெரிக்க காமெடி டிவி தொடரோட முதல் சீசனைப் பாதியில நிறுத்திட்டேன். 1902, அமெரிக்காவுல நியூபோர்ட், பெல்லாகோர்ட்னு ஒரு கோடீஸ்வரக் குடும்பம். புதுசா வேலைக்கு வர்ற செலினுக்கு 'நாற்காலி'னு பேர் வைக்கிறாங்க. அப்புறம் அவளை எல்லாரும் கூப்பிடறதே அப்படித்தான். இங்கிலாந்துப் பிரபு வீட்டுக் கதையான 'டவுன்டன் அபி' தொடரைக் கிண்டல் பண்றது சரி, இங்க அடி யார் மேல விழுது? பணக்காரன் மேலயா, வேலைக்காரி மேலயா?

ராத்திரிக்கிளி:
அண்ணே, பேர் மாத்துறதை அவங்களா கற்பனை பண்ணலை. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெரிய வீடுகள்ல வேலைக்காரப் பொண்ணு பேர் ரொம்ப அலங்காரமா இருந்தா, 'உனக்கு மேரி போதும்'னு மாத்திக் கூப்பிட்டிருக்காங்க. அதையே இழுத்து நாற்காலி வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க, அவ்வளவுதான். நியூபோர்ட்ல வாண்டர்பில்ட் குடும்பத்தோட 'பிரேக்கர்ஸ்' மாளிகை, 1895ல கட்டி முடிச்சது, 70 அறை. கோடைக்கு மட்டும் வந்து தங்குற அந்த வீட்டை அவங்க 'காட்டேஜ்'னாங்க, அதாவது குடிசை. 70 அறையைக் காட்டேஜ்னு சொன்னவங்க ஆளை நாற்காலின்னு சொல்ல மாட்டாங்களா?

பனையோலை:
காட்டேஜ் பாயிண்ட் நல்லாருக்கு, ஒத்துக்கறேன். ஆனா காட்டேஜ் ஜோக்ல அடி வாங்குறது பணக்காரன். நாற்காலி ஜோக்ல அவ.

திண்ணைவாசி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். டவுன்டன்ல பிரபு தங்கமானவர், கீழ்த்தளத்து வேலைக்காரங்க விசுவாசமானவங்க, எல்லாம் ஒரே சந்தன வாசனை. அந்த மாளிகை நின்னதே பிரபுவோட மனைவி, அமெரிக்காவுல இருந்து வந்த கோரா கொண்டுவந்த பணத்துலதான்ங்கறது பேச்சோட பேச்சா போயிடும். அந்த வாசனையில மூச்சு முட்டினவங்களுக்கு பெல்லாகோர்ட் வீடு ஜன்னல் திறந்த மாதிரி. அங்க பட்லர், அதாவது தலைமை வேலைக்காரர், பீப்பர்ஸ் எஜமானர் பெருமையைக் காக்கத் துடிக்கிறதைப் பாருங்க. டவுன்டன் பட்லர் கார்சனையே பூதக்கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கும்.

பனையோலை:
பீப்பர்ஸ் அருமை, மறுக்கலை. ஆனா பெல்லாகோர்ட் பொண்ணுங்க லிலியனும் பியாட்ரிஸும் கேமராவைப் பார்த்து மனசுல உள்ளதைக் கொட்டுறது ரியாலிட்டி ஷோ கிண்டல்தானே? 1902க்கு அங்க என்ன வேலை? அதைவிட எனக்குக் கடுப்பு ஹார்ட்டென்ஸ் விஷயம். அவங்க சகோதரிதான் அவ, பெண்களுக்கு ஓட்டுரிமை கேக்குறவ, அவளைக் குடும்பமே அழகில்லாதவள்னு மட்டம் தட்டுது. நிஜ நியூபோர்ட்டைப் பாருங்க. ஆல்வா வாண்டர்பில்ட், மக கான்சுவேலோவைக் கட்டாயப்படுத்தி 1895ல இங்கிலாந்துப் பிரபு மார்ல்பரோ டியூக்குக்குக் கட்டி வச்சாங்க. அதே அம்மா 1914ல, மார்பிள் ஹவுஸ்ங்கற தன்னோட நியூபோர்ட் மாளிகையில பெண் உரிமை மாநாடு நடத்துறாங்க. 'பெண்களுக்கு வாக்குரிமை'னு அச்சடிச்ச பீங்கான் தட்டு வேற! பெத்த பொண்ணுக்கு மாப்பிள்ளையை வேணாம்னு சொல்ற உரிமை இல்லை, தட்டுல வாக்குரிமை. இந்த முரணை விட்டுட்டு முகத்தைக் கிண்டல் பண்ணா அது சோம்பேறித்தனம்.

ராத்திரிக்கிளி:
அட, இது எனக்குத் தோணலை. ஆனா ரியாலிட்டி ஷோ பாணியை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலையே இல்லாம பிரபலம் ஆகணும்னு அலையுற ரெண்டு அக்கா தங்கச்சிக்கு வேற எந்த பாணி பொருந்தும், சொல்லுங்க? ஹார்ட்டென்ஸ் விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி.

திண்ணைவாசி:
அந்தத் தட்டு கதையோட மிச்சம்: அதே மாதிரி நகல் செஞ்சு நியூபோர்ட் மாளிகைக் கடையில இப்போ விக்கிறாங்க.

பனையோலை:
😂 சரி, விட்ட எபிசோட்ல இருந்து பார்க்கறேன். நாற்காலிக்காக.