ஊசி குத்தாமல் சுகர் காட்டும் வாட்ச்: வாங்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

அப்பாவுக்கு 68 வயது, பல வருஷமாக சுகர். மாத்திரையோடு இப்போது ராத்திரி இன்சுலினும் போடுகிறார். விரலில் குத்திப் பார்க்கச் சொன்னால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். இந்த நிலையில் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் போட்டுவிட்டான். கையில் கட்டினால் போதுமாம், சொட்டு ரத்தம் வேண்டாமாம், சுகர், பிபி, யூரிக் ஆசிட் எல்லாம் காட்டுமாம். விலை மூவாயிரத்துக்குள். அப்பா உடனே ஆர்டர் போடு என்கிறார்.

அதே குழுவில் "மறதி நோய்க்கு மருந்து வந்தாச்சு, 27 சதவீதம் பலன்" என்று ஒரு செய்தி (பெரியம்மாவுக்கு அல்சைமர் என்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்). அப்புறம் "இனி எக்ஸ்ரே பார்க்க டாக்டரே வேண்டாம், ஏஐ போதும்" என்று இன்னொன்று. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? லேப், ஆஸ்பத்திரி பக்கம் வேலை செய்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

நான் மருத்துவ உயிர்வேதியியல் படித்தவள், லேப் பார்த்துக்கொள்கிறேன். வாட்ச் வேண்டாம். இன்சுலின் போடுகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

தோலைத் துளைக்காமல் சுகரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சையும், எந்த மோதிரத்தையும் நாங்கள் அனுமதிக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. இது ஏதோ ஒரு பிராண்டைப் பற்றிய எச்சரிக்கை இல்லை, அந்த வகைச் சாதனம் மொத்தத்துக்கும்.

ஏன் என்று கேட்டால், ஆக்சிஜன் பார்க்க விரலில் கிளிப் மாட்டுகிறார்களே, அது ஒளியை வைத்துத்தான் வேலை செய்கிறது, அது சரியாக வரும்போது இது ஏன் வராது என்று தோன்றும். ஹீமோகுளோபின் நிறமுள்ள பொருள், ஆக்சிஜன் ஏறினால் நிறம் மாறும், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 13, 14 கிராம் இருக்கிறது. அதே டெசிலிட்டரில் சுகர் 100 மில்லிகிராம்தான், அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை, நிறமும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர், கொழுப்பு, வியர்வை, தோலின் சூடு எல்லாமே ஒளியை உறிஞ்சிக்கொண்டும் சிதறடித்துக்கொண்டும் இருக்கும். திருவிழா மேளத்துக்கு நடுவில் ஒருவர் முணுமுணுப்பதை மைக்கில் பிடிக்கிற மாதிரிதான். இத்தனைக்கும் சுலபமான அந்த ஆக்சிஜன் கிளிப்பே கறுத்த தோலில் சில சமயம் பொய்யாக அதிகம் காட்டுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க நோயாளிகளிடம் செய்த ஆய்வு வந்தது, கிளிப் "பரவாயில்லை" என்று காட்டும்போது உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். நம் ஊர்த் தோல் நிறத்தை யோசித்துப் பாருங்கள்.

"எங்கள் மாமா கட்டியிருக்கிறார், லேப் ரிப்போர்ட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துப்போகத்தான் செய்யும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்கு சுகர் பெரும்பாலும் 110-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும், அதற்குள் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னால் பாதி நேரம் பொருந்திவிடும். உங்கள் அப்பாவுக்கு விடியற்காலை 50-க்கு இறங்கும்போதும் அது 112 என்று காட்டும், பிரச்சினை அங்கேதான்.

முயற்சி நடக்கவில்லை என்று இல்லை. குளூக்கோவாட்ச் என்று ஒன்று 2001-லேயே எஃப்டிஏ அனுமதியோடு வந்தது. மெல்லிய மின்சாரம் செலுத்தித் தோலுக்கு வெளியே திரவத்தை இழுத்து அளந்தது. தோல் சிவந்து எரிச்சல் கண்டது, வியர்த்தால் ரீடிங் விட்டுப்போகும், சில வருஷத்தில் சந்தையை விட்டே போய்விட்டது. கூகுள் 2014-ல் கண்ணீரில் சுகர் அளக்கும் கான்டாக்ட் லென்ஸை அறிவித்தது, உலகமே கொண்டாடியது. கண்ணீர் சுகரும் ரத்த சுகரும் நம்பும் அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்று 2018-ல் கைவிட்டார்கள். அறிவித்தபோது வந்த செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, கைவிட்ட செய்தியை எத்தனை பேர் படித்தார்கள்?

தெரனோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் கதை இன்னும் மோசம். விரல் நுனிச் சொட்டில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் என்றார்கள், கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் வரை போனது, இயக்குநர் குழுவில் கிஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்று முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். விரலை அழுத்திப் பிழிந்து எடுத்தால் சிவப்பணு உடையும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து ரிப்போர்ட் பொய்யாக ஏறும், இது லேப் டெக்னீஷியன் படிப்பிலேயே வரும் பாடம். கேட்க ஆளில்லை. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியபோதுதான் பெரும்பாலான டெஸ்ட்களை வேறு கம்பெனிகளின் வழக்கமான மெஷின்களில் ஓட்டியது தெரிந்தது. கம்பெனியைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022-ல் 11 வருஷத்துக்கு மேல் சிறைத்தண்டனை, அதுவும் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் அவர் விடுவிக்கப்பட்டார். என்னைக் கேட்டால் அந்த வழக்கிலேயே கசப்பான பகுதி அதுதான்.

---

சர்க்யூட்போர்டு எழுதியது:

மூவாயிரம் ரூபாய் வாட்ச் டுபாக்கூர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நான் சென்சார் துறையில் இருக்கிறேன், அந்த வாட்சுக்குள்ளே இருப்பது பச்சை எல்ஈடி வைத்த சாதாரண நாடித்துடிப்பு சென்சார்தான், சுகர் எண் மென்பொருளில் இருந்து வருகிறது.

ஆனால் டாக்டர் மேடம் எழுதுவதைப் படித்தால் புதிதாக வரும் எதுவுமே வேலை செய்யாது என்பது போல இருக்கிறது. வாட்சில் ஈசிஜி வந்தபோதும் இதே பேச்சுத்தான் பேசினார்கள், இன்று அது வேலை செய்கிறது. ஏஐ விஷயத்திலும் மருத்துவர்கள் எதிர்ப்பதில் பாதி, தொழில் போய்விடுமோ என்ற பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை எல்ஈடி பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

வாட்ச் ஈசிஜியை நானும் ஏற்றுக்கொள்கிறேன். காரணம், அது நிஜமாகவே இதயத்தின் மின்சாரத்தைத்தான் அளக்கிறது, ஒரே ஒரு லீட் என்றாலும். வாட்சின் நாடி சென்சாரையும் சோதித்தார்கள். ஆப்பிள் பணத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாட்ச் கட்டினார்கள், "நாடி ஒழுங்கில்லை" என்ற அறிவிப்பு வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. பிறகு மார்பில் பேட்ச் ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு பதிவாகியிருந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மீதிப் பேருக்கு வாட்ச் பொய் சொன்னது என்று ஆகாது. எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு தவறியது, எல்லாம் வெளியே இருக்கிறது. வாட்ச் ஈசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

எங்கள் லேபில் காலையில் நோயாளி ரத்தத்தை மெஷினில் வைப்பதற்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோலை ஓட்டுவோம், அது வரம்புக்குள் வராவிட்டால் அன்றைக்கு அந்த டெஸ்ட் ரிப்போர்ட் வெளியே போகாது. அது போக வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரச் சோதனையில் வரும் மாதிரிக்கு விடை தெரியாமலேயே எங்கள் எண்ணை அனுப்ப வேண்டும், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு எங்கள் லட்சணம் தெரிந்துவிடும். வீட்டு குளூக்கோமீட்டருக்கும் விதி உண்டு, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத ரீடிங் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விளம்பரத்தில் "துல்லியம்" என்று போட்டிருக்கும், எதோடு ஒப்பிட்டு என்று அந்த வாட்ச் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

ஏஐக்கும் என் கேள்வி இதேதான். எபிக் என்ற பெரிய மென்பொருள் கம்பெனி, கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸை முன்கூட்டியே கணிக்கும் என்று ஒன்றை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிலிருந்து சோதித்து 2021-ல் எழுதினார்கள்: செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது பிடிக்கவில்லை, ஆனால் அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடித்திருந்தது. நர்ஸ்களின் நிலைமையை யோசியுங்கள். இன்னொரு பக்கம் ஸ்வீடனில் 80,000 பெண்களை இரண்டாகப் பிரித்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆய்வு நடந்தது. ஏஐ உதவியோடு பார்த்த பக்கம் 1000 பேருக்கு 6 புற்றுநோய், வழக்கப்படி இரண்டு டாக்டர்கள் பார்த்த பக்கம் 5. வீண் அலாரம் இரண்டு பக்கமும் 1.5 சதவீதம்தான், படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. இதை நான் கைதட்டி வரவேற்கிறேன், என் தொழில் பயம் எங்கே போனது?

---

இருட்டறை எழுதியது:

எக்ஸ்ரே, ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜியில் பிஜி படிக்கிறேன், அதனால் ஒரு வரி. ஏஐ துறையின் பெரிய தலை ஜெஃப்ரி ஹின்டன் 2016-லேயே ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்த வேண்டும், ஐந்து வருஷத்தில் ஏஐ முந்திவிடும் என்றார். அவருக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது, எனக்கு ரேடியாலஜி சீட் கிடைத்தது. இன்னும் ராத்திரி டியூட்டியில் சிடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேடம் சொன்ன ஸ்வீடன் ஆய்விலும் கடைசி முடிவு ரேடியாலஜிஸ்ட் கையில்தான், அதைச் செய்தியில் யாரும் போடுவதில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாட்ச் கிடையாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பெரியம்மா மருந்து விஷயம் யாரும் சொல்லவில்லையே? அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறேன் என்று நிற்கிறான். அப்புறம் கையில் ஒட்டும் சென்சார் என்கிறார்களே, அதுவும் இதே கதைதானா?

---

மல்லிப்பந்தல் எழுதியது:

சென்சார் வேறு, அது ஏமாற்று இல்லை. என் மகளுக்கு டைப் 1, அவள் போட்டிருக்கிறாள். சின்ன இழை தோலுக்குள்ளே போய் நிற்கும், உள்ளே இருக்கும் என்சைம் சுகரோடு வினை புரிந்துதான் எண் வருகிறது. ஆனால் அது ரத்தத்தில் அளப்பதில்லை, செல்களுக்கு நடுவில் உள்ள திரவத்தில். அதனால் சாப்பிட்டவுடனோ ஓடியாடும்போதோ சில நிமிஷம் பின்தங்கும். சென்சார் பக்கமாகக் கையை அழுத்திப் படுத்தால் ராத்திரி பொய்யாக லோ அலாரம் அடிக்கும், முதல் தடவை பதறிவிடுவீர்கள், குத்திப் பார்த்தால் 130 இருக்கும். விலைதான் இடிக்கும், சில ஆயிரம் ரூபாய், இரண்டு வாரம் வரும். முழு நேரமும் முடியாவிட்டாலும் ஒரே ஒரு சென்சார் போட்டு அந்த இரண்டு வாரத்தை டாக்டரிடம் காட்டினால் ராத்திரி சுகர் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு அது உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன் சார்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

மல்லிப்பந்தல் அக்கா சொன்னதற்கு மேல் சென்சார் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மறதி மருந்து: அந்த 27 சதவீதம் லெகனமாப் ஆய்வில் வந்த எண். 1,795 பேர், எல்லோருமே ஆரம்ப நிலையில் இருந்தவர்கள், 18 மாதம். 18 புள்ளி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களும் மோசமானார்கள், எடுக்காதவர்களும் மோசமானார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. அதைத்தான் சதவீதமாக மாற்றி 27 என்று போட்டார்கள், செய்தி எழுதியவர் அதைப் "பலன்" ஆக்கினார், உங்கள் குழுவில் அது "மருந்து வந்தாச்சு" ஆகிவிட்டது. யாருக்கும் போன ஞாபகம் திரும்பவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அரைப் புள்ளி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்று நரம்பியல் டாக்டர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்ற வேண்டும், இடையிடையே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆபத்தாகும். அண்ணன் பணம் கட்டுவதற்கு முன்னால் பெரியம்மாவின் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். ஆட்களை அடையாளம் தெரியாத நிலைக்கு வந்திருந்தால் இந்த மருந்து அவருக்கானதே இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், லேப் நடத்துகிறவளே சொன்னால் நம்புவீர்கள். அப்பாவுக்கு "கேன்சர் மார்க்கர் சேர்த்த முழு உடல் பேக்கேஜ்" என்று யாராவது தள்ளுபடியில் விற்றால் வாங்காதீர்கள். தென் கொரியாவில் ஒரு காலத்தில் செக்கப்போடு தைராய்டு ஸ்கேனும் சேர்த்துப் பார்த்தார்கள், 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் அந்த நோயில் சாகிறவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. பெரும்பாலோர் கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டதும் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுவதும்தான் மிச்சம்.

அப்பாவுக்கு: விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், மாம்பழம் உரித்த கையோடு பார்த்தால் 200-க்கு மேல் காட்டி எல்லோரையும் கலவரப்படுத்தும். ஸ்டிரிப் டப்பா மூடியைத் திறந்து போடாதீர்கள், காலாவதி தேதி பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்), கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணும் ஏமாற்றும்.