புதுப்பிப்பு: மெல்பர்னிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஓட்டு

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருக்கும் தங்கை மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தொகுதிக்கு எப்படி ஓட்டுப் போடுவாள் என்று முன்பு கேட்டிருந்தேன். வழி இருக்கிறது. மலேசியத் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் இணையதளத்தில், வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்களுக்கான 1பி பிரிவில் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்குச் சீட்டு வந்ததும் குறியிட்டு ‘ஏ’ உறையில் போட்டு ஒட்டணும். அப்புறம் அந்த உறையையும், சாட்சி முன்னால் கையெழுத்திட்ட அடையாள உறுதிமொழியான படிவம் 2-ஐயும் ‘பி’ உறைக்குள் வைக்கணும். படிவத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்!

வாக்களிப்பு நாளில் நேரம் முடிவதற்குள் அந்த ‘பி’ உறை தொகுதியின் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். எனக்குக் கவலையே அதுதான். 2022 பொதுத்தேர்தலில் வெளிநாட்டில் பலருக்குச் சீட்டே தாமதமாகத்தான் போனது. அதனால், குறியிட்ட சீட்டை ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்பியவர்களும் உண்டு.

மகன் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன தோட்டத்து அக்காவுக்கு: உள்நாட்டில் இருந்தால் முன்கூட்டியே வாக்களிக்கலாம். 2022-இல் அது நவம்பர் 15, மற்றவர்களுக்கு 19.